பூட்டுப் போட்ட கட்டுரை

ஒரு கட்டுரைக்காக எட்டு மாதம் அலைந்தேன் என்று சொன்னால் எங்கள் பாடசாலையில் சிரிப்பார்கள். அங்கே கட்டுரை என்றால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒற்றைத் தாளில் ‘பழைய குடை பேசுகிறது’ என்று எழுதித் தருவது. நான் தேடியது வேறு. பிறநாட்டு ஆய்விதழ் ஒன்றில் இருபது வருடத்துக்கு முன் வந்தது. அதைப் படிக்காமல் என்னுடைய ஆய்வேடு ஓர் அங்குலமும் நகராது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

நான் வரலாறு படிப்பிக்கிற ஆசிரியை. நாற்பதை எட்டப் போகிற வயதில், இனியும் விட்டால் இல்லை என்று, வார இறுதி நாட்களில் கம்பஸுக்குப் போய்ப் பெண்கள் கற்கையில் முதுமாணி படிக்கத் தொடங்கினேன். தலைப்பைத் தெரிவு செய்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். எங்கள் பகுதியில் வாவியின் இரண்டு கரையிலும் வீடும் காணி வளவும் பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் உடுப்புப் பையோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். பெண் பெட்டி தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போகிற கதையை நாங்கள் படங்களில்தான் பார்த்தோம். வீடு பெண்ணுடையது, ஆகவே இங்கே பெண்ணின் கை ஓங்கியிருக்கிறது. இதைத்தான் நான் நிறுவ வந்தேன். ஊரிலே எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்கு ஆதாரம் தேட எவ்வளவு நேரம் எடுக்கப்போகிறது என்றும் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் மாதம் முழுவதும் தேடுகிற சொல்லே பிழைத்துவிட்டது. சீதனம் என்பதற்கு ‘டவ்ரி’ என்று அடித்தேன். வந்து கொட்டியதெல்லாம் இந்தியாவில் மருமகளைக் கொளுத்திய கட்டுரைகள். பத்துப் பக்கம் தள்ளியும் அதே அடுப்படி, அதே மண்ணெண்ணெய். எங்கள் ஊரில் தாய் மகளுக்குக் கொடுக்கிற வீட்டுக்கும் அந்தக் கொடுமைக்கும் ஒரே பெயரை வைத்தவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும். பிறகு மேற்பார்வையாளர், “மெட்ரிலோக்கல் எண்டு போட்டுப் பாருங்க,” என்றார். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுகிற எங்கள் வாழ்க்கைக்கு வைத்திருந்த பெயரை அன்றைக்குத்தான் நான் கேள்விப்பட்டேன். போட்டேன். எங்கள் மாவட்டத்தின் பெயரையும் சேர்த்தேன். ஒவ்வொன்றாகக் கட்டுரைகள் வரத் தொடங்கின. சந்தோஷத்தில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் பூட்டுப் படம்.

சுருக்கத்தை மட்டும் படிக்க விடுவார்கள். ஆறேழு வரி. மிச்சம் வேண்டுமென்றால் டொலர். ஒரு கட்டுரைக்குக் கேட்ட காசில் நான் ஒரு மாதம் கம்பஸுக்குப் பஸ்ஸில் போய் வரலாம். ‘உங்கள் நிறுவனத்தின் ஊடாக நுழையுங்கள்’ என்று பக்கத்தில் இன்னொரு வழியும் வைத்திருந்தார்கள். அதை அழுத்தினால் உலகத்துப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒரு நீளப் பட்டியலில். எங்கள் கம்பஸை அதில் மூன்று தரம் தேடினேன். இல்லை. நான் தேடுவது யாரைப் பற்றி? என் தெருவில் இருக்கிற பெண்களைப் பற்றி. கொக்கட்டிச்சோலைக்குப் போகிற பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் மரக்கறிப் பையோடு உட்காருகிறவளைப் பற்றி. அவளைப் பற்றி எழுதியதை நான் வாசிக்க, கடல் கடந்த ஒருவனிடம் அனுமதி கேட்க வேண்டுமாம்.

இலவசமாகக் கிடைத்த சில கட்டுரைகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எல்லாரும் ஒரே கட்டுரையைத்தான் சுட்டுகிறார்கள், அதிலும் ஒரே மேற்கோளை எடுக்கிறார்கள். ‘வீடுதான் எங்கள் பலம். வீடு எங்களுடையது, ஆகையால் எந்த ஆணும் எங்களை ஒன்றும் செய்ய முடியாது.’ வாவிக்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு தாய் சொன்னது என்று போட்டிருந்தது. வாசித்ததும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. இவ்வளவு நாளும் நான் சொல்ல முயன்றதை ஒரு படிக்காத மனுஷி இரண்டு வசனத்தில் சொல்லி முடித்துவிட்டாளே! அந்த இரண்டு வசனத்தை உச்சியில் வைத்து என் இரண்டாம் அத்தியாயத்தை எழுதினேன். மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“மூலத்தை வாசிச்சீங்களா?” என்றார்.

“இல்ல மெடம். பூட்டிக் கிடக்கு.”

“மற்றவங்க எடுத்ததப் பார்த்து நீங்களும் எடுத்தா அது ஆய்வா? மூலத்தைக் கண்ணால பாக்காம இந்த அத்தியாயத்த நான் ஏற்கமாட்டன். அதையும் பார்த்து மாத முடிவுக்குள்ள ஆய்வேட்டத் தரப் பாருங்க. உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு தரம் தவணை நீட்டியாச்சு. இனிக் கேட்டா பதிவ ரத்துப் பண்ணிருவாங்க.”

ரத்தானால் மூன்று வருடமும் அம்போ. கையைப் பிசைந்துகொண்டு நூலகத்துக்குப் போனேன்.

நூலகத்தில் ஓட்டமாவடிக்காரர் ஒருவர் உதவியாளராக இருந்தார். என்னைத் தூரத்தில் கண்டாலே, “டீச்சர், இண்டைக்கும் அதே கட்டுரையா?” என்று சிரிப்பார். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கணினியில் தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். “நம்மட சந்தா முடிஞ்சு கிடக்கு டீச்சர். புதுப்பிக்கக் கடிதம் போயிருக்கு. அது எப்ப வருமோ, அல்லாதான் அறிவான்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எழுதின ஆளுக்கே ஒரு மெயில் போட்டுப் பாருங்களேன். விக்கிறது கொம்பனிதான். எழுதினவங்க கேட்டா சும்மாவே அனுப்புவாங்க,” என்றார்.

எட்டு மாதமாக எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்! அச்சில் வந்த ஆளுக்கு நாம் கடிதம் எழுதலாம் என்பதே என் தலையில் ஏறவில்லை. எழுதினேன். பழைய முகவரி, திரும்பி வந்தது. கட்டுரையை எழுதிய பெண் ஓய்வு பெற்றுவிட்டார் என்று உதவியாளர்தான் தேடிக் கண்டுபிடித்து வேறொரு முகவரி தந்தார். அதற்கும் எழுதினேன். ஒரு கிழமை சத்தமில்லை. எட்டாம் நாள், நான் பத்தாம் வகுப்பில் நிற்கும்போது போன் சிணுங்கியது. கட்டுரை வந்துவிட்டது. பூட்டில்லை, டொலர் இல்லை, இருபத்தைந்து பக்கமும் என் கையில்.

இடைவேளைக்கு ஆசிரியர் அறையில் கதிரையை ஒரு மூலைக்கு இழுத்துப் போட்டு வாசித்தேன். பதினோராம் பக்கத்தில் அந்த மேற்கோள் இருந்தது. அதற்குமேல் அந்த வீட்டைப் பற்றி ஒரு பந்தி. முற்றத்தில் ஒரு வேப்பமரம். கணவர் வயலுக்குப் போயிருந்தார். தாய் தங்கள் வீட்டு மரத்துச் செவ்விளநீர் வெட்டித் தந்தார். இரண்டு பெண்பிள்ளைகள். அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: பாடசாலையில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த இளைய மகள் இந்த நேர்காணலை அன்போடு மொழிபெயர்த்து உதவினாள்.

அந்த இளைய மகள் நான்தான்.

ஐயோ, ஐயோ என்று இரண்டு தரம் வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல. பக்கத்து மேசை டீச்சர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

அது வெளிநாட்டுக்காரர்கள் வந்து வந்து கேள்வி கேட்டுப் போன காலம். எங்கள் வீட்டுக்கும் ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தார். கூட வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். கிராம சேவகர், “இந்த வீட்டுச் சின்னவ இங்கிலீசு கதைப்பா,” என்று என்னைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா வயல் வட்டையில் நெல்லுச் சூடடிப்பு என்று போயிருந்தார். மேசையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி. அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்வி: வீடு உங்களுடைய பெயரில் இருப்பதால் உங்களுக்கு என்ன கிடைத்தது?

அம்மா யாரிடமும் அதிகம் கதைக்காத மனுஷி. அன்றைக்குக் கதைத்தார். சீலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு, நிறுத்தாமல் கதைத்தார். அந்தச் சொற்கள் எனக்கு இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் பாடம்.

“வீடு என்ர பேரிலதான் கிடக்கு. உறுதிப் பத்திரம் பெட்டிக்குள்ள கிடக்கு. ஆனா அவர் அடிக்கிற நேரம் நான் எங்க போற? மத்த ஊர்ப் பொம்புளையள் தாய்ர வீட்டுக்கு ஓடிப்போவாளுகளாம். எனக்குத் தாய்ர வீடே இதுதானே. இத விட்டா எனக்கு ஒரு வீடில்ல. அவரப் போகச் சொல்லலாம், சட்டம் அப்படித்தான். சொன்னா ஊர் சிரிக்கும், நாளைக்கு இதுகள் ரெண்டுக்கும் மாப்பிள்ளை வராது. அதால நான்தான் வெளிய இறங்கி வேப்பமரத்துக்குக் கீழ நிப்பன். கோபம் தணிஞ்ச மறுகா உள்ள வருவன். என்ர வீட்டு முத்தத்தில நான் நிக்கிறன், என்ர வீட்டுக்குள்ள அவர் இருக்கார்.”

வெள்ளைக்காரப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு முகம் எரிந்தது. பதினெட்டு வயது எனக்கு. அக்காவுக்கு அப்போது கல்யாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக் கதை வாசல் கடப்புத் தாண்டக்கூடாது என்று பால் குடிக்கிற வயதிலிருந்தே எங்களுக்குச் சொல்லி வளர்ப்பார்கள். அந்தப் பெண் ஊருக்குள் இன்னும் பத்து வீட்டுக்குப் போவாரே, அங்கே சொல்லிவிட்டால்? அதைவிட, எங்களை யாரும் பாவம் பார்க்கக்கூடாது என்ற திமிர். பாடசாலையில் மனப்பாடம் பண்ணிய நல்ல இங்கிலீசில், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னேன். வீடுதான் எங்கள் பலம் என்கிறார் அம்மா. எந்த ஆணும் எங்களை ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்.

அம்மா சொன்னது எனக்கு மறக்கவேயில்லை. நான் சொன்னதுதான் மறந்துபோயிருந்தது. இருபது வருடம் கழித்து அதுவே அச்சில், மேற்கோள் குறிக்குள் வந்து என் முன்னால் நின்றபோது, எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறாள் என்று மெய்சிலிர்த்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் மட்டுமா? எத்தனை பேர் அதை எடுத்து ஆண்டிருக்கிறார்கள்! எங்கள் பெண்கள் பலசாலிகள் என்று எங்கெங்கோ வகுப்புகளில் படிப்பிக்கிறார்கள். எல்லாம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வெட்கத்தில் அவிழ்த்துவிட்ட புளுகு.

அந்தப் பெண்ணுக்கு மறுபடி எழுதினேன். நான்தான் அந்தச் சின்ன மகள் என்று சொல்லி, அன்றைய ஒலிப்பதிவு கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன். அதில் அம்மாவின் குரல் இருக்கும். தமிழ் தெரிந்த யார் கேட்டாலும் உண்மை விளங்கும். உடனே பதில் வந்தது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்! உன்னையும் அந்தச் செவ்விளநீரையும் நான் மறக்கவேயில்லை, உன் அம்மாவின் சொற்கள் என் ஆய்வையே திசை திருப்பின, அவருக்கு என் வணக்கத்தைச் சொல் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில்: வருத்தமான விஷயம், நேர்காணல் தந்தவர்களின் பாதுகாப்புக்காக ஒலிப்பதிவுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிட வேண்டும் என்பது விதி. அழித்துவிட்டோம்.

உண்மையைச் சொல்லி ஒரு மெயில் எழுதினேன். நாலு நாள் திறந்து திறந்து வாசித்தேன். அனுப்பவில்லை. ஓய்வுபெற்ற ஒரு மனுஷியின் வாழ்நாள் வேலையில், கையில் ஓர் அத்தாட்சியும் இல்லாமல் எப்படிக் கல் எறிவது?

மேற்பார்வையாளரிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் நம்புறன்,” என்றார். “ஆனா ஞாபகம் ஆதாரமாகாது. அச்சில இருக்கிறதுதான் ஆதாரம். இத மறுக்க வேணுமெண்டா ஒரே வழிதான். அம்மா இருக்காதானே? இப்ப அவவிட்ட ஒரு நேர்காணல் எடுங்க. சம்மதப் படிவத்தில கையெழுத்து வாங்குங்க. அது கிடைச்சா உங்கட இரண்டாம் அத்தியாயம் இத விடப் பெரிய அத்தியாயம்.”

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது, கூச்சமாக இருக்கிறது சொல்ல, எனக்குச் சந்தோஷமாகக் கூட இருந்தது. பிழையைத் திருத்த ஒரு வழி இருக்கிறதே! மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். அவருடைய வீடு அக்காவின் சீதனமாகப் போய்விட்டது. அதே வளவின் பின்பக்கத்தில் நான் என் சம்பளத்தில் இரண்டு அறை கட்டினேன். நான் கல்யாணம் கட்டாதபடியால் இதைச் சீதன வீடு என்று யாரும் சொல்வதில்லை. அப்பா போய்ப் பத்து வருடமாகிறது. வேப்பமரம் இன்னும் நிற்கிறது.

நான் போனபோது அம்மா குசினி வாசலில் இருந்து சுளகில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். போனில் ஒலிப்பதிவைத் தயாராக்கி, படிவத்தையும் பேனையையும் சுளகுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெள்ளைக்காரப் பெண் வந்த நாளை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

“ஓம். காதில ஒரு வளையம் போட்டிருந்திச்சு,” என்றார் அம்மா.

“அண்டைக்கு நீங்க சொன்னத நான் மாத்திச் சொல்லிட்டன் அம்மா.” போனை அம்மாவுக்குக் கிட்ட நகர்த்தினேன். “அது புத்தகத்திலயும் வந்திட்டு. நீங்க ஒருக்கா எனக்கு அதத் திரும்பச் சொல்லணும். நான் திருத்தி எழுதுவன்.”

அம்மா இலை ஆய்வதை நிறுத்தவில்லை.

“மாத்தினது எனக்கு அண்டைக்கே தெரியும்,” என்றார்.

“எப்படித் தெரியும்? உங்களுக்கு இங்கிலீசு தெரியாதே.”

“நான் எவ்வளவு நேரம் கதைச்சன்! நீ ரெண்டு வசனத்தில முடிச்சிட்டாய். நீ முடிக்க, அந்தப் பொம்புளை என்னப் பாத்துச் சிரிச்சிச்சு. நல்ல வடிவாச் சிரிச்சிச்சு, தலையையும் ஆட்டினிச்சு. நான் சொன்னதுக்குச் சிரிக்கிற ஆள் உலகத்தில இருக்கா?”

“பின்ன ஏன் எனக்கு ஒரு பேச்சுப் பேசல்ல? ஏன் இவ்வளவு காலமும் கேக்கல்ல?”

“என்னத்தக் கேக்கிற? உனக்கு வெக்கமாப் போச்சு எண்டு விளங்கிச்சு. புள்ளைக்கு வெக்கமெண்டா விட்டிரணும்.” ஓர் ஈர்க்கை ஒடித்து எறிந்தார். “அதுக்குப் பிறகு நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல.”

“இப்ப சொல்லுங்க அம்மா. கெஞ்சிக் கேக்கிறன்.”

“இப்ப என்னத்துக்கு? மனிசன் செத்துப் போச்சு. உன்ர அக்காட மகளுக்கு அடுத்த மாசம் கலியாணம். அண்டைக்கு அவர் இருந்தார், அடியும் இருந்திச்சு. கேக்க ஓர் ஆள் வந்திச்சு, நான் சொன்னன். இப்ப உன்ர படிப்புக்காக அதத் திரும்பச் சொல்லச் சொல்றாய்.”

அதில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். சோற்றுக்கு உப்புக் காணாது என்று சொல்கிற குரலில் சொன்னார். பிறகு படிவத்தைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார். “இதில கையெழுத்து வைக்காட்டி உன்ர படிப்பு நிண்டு போகுமா?” என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லியிருந்தால் வைத்திருப்பார். வீட்டு உறுதியில் வைத்த மாதிரி, அக்காவுக்கு எழுதிக் கொடுத்தபோது வைத்த மாதிரி, ஒரு கேள்வியும் இல்லாமல் வைத்திருப்பார். பேனையைக்கூட எடுத்துவிட்டார்.

“இல்லம்மா. நிக்காது,” என்றேன்.

“அப்ப வேணாம்,” என்று சொல்லிப் படிவத்தை மடித்து என்னிடம் தந்துவிட்டு, சுளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

இந்தக் கதையையும் நான் அம்மாவைக் கேட்காமல்தான் எழுதுகிறேன். அதனால்தான் இதில் யாருடைய பெயரும் இல்லை, எங்கள் ஊரின் பெயரும் இல்லை. எழுதியது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதற்கும் இன்றைக்குச் சொல்லிவிட்டதற்கும் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்றும் தெரியவில்லை.

மாத முடிவுக்கு முதல் நாள் ஆய்வேட்டைக் கையளித்தேன். அந்த மேற்கோளை எடுக்காமல் இரண்டாம் அத்தியாயம் நிற்காது. ஒன்பது நாளில் வேறு அத்தியாயம் எழுத எனக்கு வலுவுமில்லை. மேற்பார்வையாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்து வைத்தார். பரீட்சகர் பிறகு எழுதிய குறிப்பில், மேற்கோள் மூலத்தோடு சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது என்று பாராட்டியிருந்தார்.

‘வீடுதான் எங்கள் பலம்.’ அடியில் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் பதினொன்று.